பெயர் பெற்ற மலரும் பெயரற்ற மனிதனும்

முதல் மழை விழுந்து மண் குளிரும் நாட்களில், கண்டியைச் சூழ்ந்த ஊர்களின் கொல்லைப்புறங்களிலே சில வேளை ஒரு துர்நாற்றம் எழும். எலியோ பூனையோ செத்துக் கிடக்கிறதென்று தேடினால், இலையேதுமின்றி மண்ணைப் பிளந்து நிற்கும் கருஞ்சிவப்புப் பூவொன்றைக் காணலாம். சேனைக்கிழங்கின் பூ அது. கிழங்கை நாம் விரும்பி உண்கிறோம்; பூவையோ மூக்கைப் பொத்திக்கொண்டு வெட்டி எறிகிறோம். பண்டைத் தமிழில் 'நாற்றம்' என்ற சொல் நறுமணத்தையும் குறித்தது. சொல்லின் மதிப்பு தாழ்ந்ததுபோல் நாறும் மலரின் மதிப்பும் நம்மிடையே தாழ்ந்துவிட்டது. ஆயினும் அத்தகைய மலருக்கும் ஒரு வரலாறு உண்டு. அது நம் மலைநாட்டின் வரலாற்றைத் தொட்டுச் செல்வதுமாகும்.

1818 மே மாதம். சுமாத்திராவில், ஆங்கிலக் கம்பெனியின் பென்கூலன் ஆளுநர் ராபிள்ஸ் உள்நாட்டுப் பயணம் மேற்கொண்டிருந்தார். மருத்துவர் ஜோசப் ஆர்னல்ட் உடன் சென்றார். மன்னா ஆற்றங்கரைக் காட்டிலே, மலாய்ப் பணியாள் ஒருவன் வியப்பு மேலிட ஓடிவந்து ஆர்னல்டை அழைத்துச் சென்று ஒரு மலரைக் காட்டினான். குறுக்களவு ஒரு யார். நிறை 15 இறாத்தல். நாற்றமோ கெட்டுப்போன மாட்டிறைச்சியினுடையது. அதன்மேல் ஈக்கள் மொய்த்ததையும் ஆர்னல்ட் தம் கடிதத்தில் குறித்தார். சில திங்களுள் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. 1820இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தில் ரொபர்ட் பிரவுன் அம்மலரை விவரித்தார்; 'ராபிளீசியா ஆர்னல்டி' என்ற பெயர் நிலைத்தது. ஆளுநர் பெயர் முன்னே, மருத்துவர் பெயர் பின்னே. ஓடிவந்தவனின் பெயர் எங்கே? கடிதத்திலும் இல்லை. அவ்வூர் மக்கள் அம்மலரை முன்பே அறிந்து, தம் மொழியில் பெயரும் இட்டிருந்தனர். அறிந்தவர் மறைய, அறிவித்தவர் 'கண்டுபிடித்தவர்' ஆயினர்.

அதே 1818இல் கண்டியில் நிகழ்ந்தது என்ன? ஊவா, வெல்லச மக்களின் கிளர்ச்சியை ஆங்கிலேயர் நெருப்பாலும் வாளாலும் அடக்கினர். நவம்பர் 26ஆம் நாள் கெப்பெட்டிபொல கண்டியில் தலை வெட்டப்பட்டு மாண்டான். மூன்றே ஆண்டுகளின் பின், 1821இல், மகாவலி வளைந்தோடும் பேராதனையில் அலெக்சாந்தர் மூன் தாவரத் தோட்டத்தை அமைத்தார். வாள் வென்ற நிலத்தை அறிவியல் அளந்தது. அறிவியல் அளந்த நிலத்தில் மூலதனம் வேரூன்றியது. அசாம் தேயிலைக் கன்றுகள் 1839இல் அத்தோட்டத்திற்கு வந்தன. 1867இல் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராக்கினார்.

இனி மலரின் தொழிலைக் காண்போம். ராபிளீசியாவிற்கு இலையில்லை, தண்டில்லை, வேருமில்லை. திராட்சைக் குடும்பத்துக் காட்டுக்கொடியொன்றின் உடலுள் இழையாய்ப் பரவி, அதன் உணவை உறிஞ்சி வாழ்கிறது. மொட்டு முதிர மாதங்கள் பல. மலர் வாழ்வதோ ஒரு வாரமளவே. ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பிணநாற்றத்தை நாடி வரும் ஈ, முட்டையிட இடம் தேடி ஆண்பூவின் நடுத்தட்டின்கீழ் நுழைகிறது. அங்கே குழம்புபோன்ற மகரந்தம் அதன் முதுகில் ஒட்டுகிறது. பிறகு பெண்பூவொன்றில் அதேபோல் நுழைகையில், அச்சுமை சூலகமுடியைத் தொடுகிறது. ஈக்களின் இந்தப் பணியை, வட போர்ணியோவின் சிறிய ராபிளீசியா வகையொன்றில் கண்டு விளக்கிய ஆய்வு 1988இல் வெளிவந்தது. ஆர்னல்ட் ஈக்களைக் கண்டு 170 ஆண்டுகளின் பின்!

நம் சேனைக்கும் ராபிளீசியாவிற்கும் இனவுறவில்லை, தொழில் ஒன்றே. நாம் ஒரு பூவென்று கருதுவது, நடுத்தண்டொன்றில் நெருங்கிய பல சிறுபூக்களின் தொகுதி. அது தன் உடலைச் சூடாக்கி நாற்றத்தைப் பரப்புகிறது. முதலில் பெண்பூக்கள் பக்குவமடைகின்றன. நாற்றத்தால் கவரப்பட்ட வண்டுகள் இரவை உள்ளே கழிக்கின்றன. மறுநாள் ஆண்பூக்கள் உதிர்க்கும் தூளைச் சுமந்துகொண்டு அவை மற்றொரு பூவிற்குப் போகின்றன.

ஈயின் உழைப்பின்றி ராபிளீசியாவிற்கு வித்தில்லை. ஈக்குக் கிட்டுவதோ ஏமாற்றமே. இறைச்சியென்று நம்பி வந்த இடத்தில் இறைச்சியில்லை. எனினும் மலரை வஞ்சகியென்று நாம் பழிக்கமாட்டோம். அதற்கு எண்ணமில்லை, எண்ணமில்லாத இடத்தில் பாவமில்லை. ஆனால் தேயிலைத் தூரின் அடியில் செல்வம் கிடக்கிறதென்று ஆசைகாட்டித் தமிழகத்து ஏழைகளைக் கப்பலேற்றியவர்களுக்கு எண்ணமிருந்தது. காடழித்து மலையைப் பச்சையாக்கிய அம்மக்களின் வழிவந்தோரில் மிகப் பெரும்பாலோரை, 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. அந்த உரிமைக் கணக்கு தீர்வதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இயற்கையின் ஏமாற்று மாறாதது; மனிதனின் ஏமாற்றோ மாற்றத்தக்கது. இவ்வேறுபாட்டை மறைத்து, 'உலக இயல்பு இதுவே' என்று நமக்குப் போதிப்போர் யாவர், எவர் நலனுக்காகப் போதிக்கின்றனர் என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே! அடுத்த மழைக்குச் சேனை பூத்தால் வெட்டி எறியாதீர். மாணவரை அதனருகே அழைத்துச் செல்வோம். இரவில் உள்ளே தங்கிய வண்டைக் காட்டுவோம். பிறகு மன்னா ஆற்றங்கரையில் ஓடிவந்தவனின் கதையைச் சொல்வோம். மலருக்கு யார் பெயர் என்று பாடநூல் கேட்கும். முதலில் காட்டியவன் யார் என்று நம் மாணவர் கேட்கட்டும்.