வீசியது ஈட்டி, பேர் வாங்கியது கோடரி

கணினி விளையாட்டுகளிலும் சாகசப் படங்களிலும் வருகிற கெல்ட்டிய வீரனுக்கென்று ஓர் அச்சு இருக்கிறது. முகத்தில் நீலச் சாயம், கழுத்தில் தடித்த வளையம், கையில் எறிகோடரி. பிரிட்டானியர் உடம்பில் நீலச் சாயம் பூசிக்கொண்டார்கள் என்று சீசரே எழுதியிருக்கிறார். கழுத்து வளையங்கள் அருங்காட்சியகங்களில் ஏராளம். கோடரிக்குத்தான் சாட்சி கிடையாது.

பழைய ஹால்ஸ்டாட் காலக் கல்லறைகளில் கோடரிகள் கிடைத்திருக்கின்றன, உண்மைதான். ஆனால் ரோமுக்குத் தூக்கம் கெடுத்த பிற்காலக் கெல்ட்டிய வீரனின் கல்லறையைத் தோண்டினால் வழக்கமாகக் கிடைப்பவை மூன்று: நீண்ட வாள், ஈட்டி, கேடயம். எதிரியை நோக்கி அவன் வீசியது ஈட்டியை. சில இடங்களில் கவண்கல்லையும். தென் இங்கிலாந்தின் மெய்டன் காசில் கோட்டையில் மட்டும் கவண்கற்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன.

இந்த வீரர்களை அருகில் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் கி.மு. 225-க்குப் போக வேண்டும். இடம், இத்தாலியின் மேற்குக் கடற்கரையில் உள்ள டெலமோன். வட இத்தாலியிலிருந்தும் ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தும் திரண்டு வந்த கெல்ட்டியர் படை, எட்ரூரியாவைச் சூறையாடிவிட்டு, கொள்ளைப் பொருளோடு கடலோரமாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. காலாட்கள் மட்டும் 50,000 பேர் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ். பின்னாலேயே ரோமானியத் தளபதி ஏமிலியஸ் துரத்தி வந்தார். அதே சமயம் சார்டினியாவிலிருந்து கப்பலில் வந்து பைசாவில் இறங்கிய இன்னொரு தளபதி ரெகுலஸ், அதே சாலையில் எதிரே வந்துகொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே கெல்ட்டியர் வசமாகச் சிக்கிக்கொண்டார்கள்.

சிக்கியவர்கள் சிதறி ஓடவில்லை. பாதிப் படை முன்னே பார்க்க, பாதிப் படை பின்னே பார்க்க, முதுகோடு முதுகு சேர்த்து நின்றது. குன்றின் மேல் நடந்த குதிரைப்படைச் சண்டையில் ரெகுலஸ் உயிரிழந்தார். அவர் தலையைக் கொய்து கெல்ட்டிய அரசர்களிடம் கொண்டுபோனார்கள். பின்பக்கம் ஏமிலியஸை எதிர்கொண்டு முதல் வரிசையில் நின்ற கேசாட்டே கூலிவீரர்கள் உடையைக் களைந்து எறிந்திருந்தார்கள். உடம்பில் இருந்தவை ஆயுதமும் பொன் அணிகளும் மட்டுமே. வீறாப்பு ஒரு காரணம். முட்புதரில் துணி மாட்டிக்கொள்ளும் என்பது இன்னொரு காரணமாம். இரண்டாவது காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. அவர்களை வெறும் காட்டுமிராண்டிகளாகப் பார்க்கிறவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

கூடவே சத்தம். கார்னிக்ஸ் என்ற ஆளுயர வெண்கல ஊதுகொம்பை நிமிர்த்திப் பிடித்து ஊதுவார்கள். அதன் வாய் காட்டுப்பன்றித் தலை போலப் படையின் தலைகளுக்கு மேலே பிளந்து நிற்கும். 1816-இல் ஸ்காட்லாந்தின் டெஸ்க்ஃபோர்டில் ஒரு தலை கிடைத்தது. 2004-இல் பிரான்சின் தந்தினியாக்கில் ஒரே குழியிலிருந்து ஏழு கொம்புகளின் பகுதிகள் வெளிவந்தன. டெலமோனில் கொம்பொலியும் கூச்சலும் சேர்ந்தபோது சுற்றியிருந்த நிலமே ஓலமிட்டதுபோல் இருந்ததாகப் பொலிபியஸ் எழுதுகிறார். ரோமானியர் மிரண்டார்கள். ஆனால் எதிரி கழுத்தில் மின்னிய பொன்னைக் கண்டதும் அவர்களுக்குத் தெம்பும் வந்துவிட்டது.

அடுத்து நடந்தது எறியாயுதத்தின் வேலை. ரோமானிய அணியிலிருந்து வேல்வீரர்கள் முன்னே வந்து சரமாரியாக வீசினார்கள். கெல்ட்டியக் கேடயம் முழு உடம்பையும் மறைக்காது. கால்சட்டையும் மேலாடையும் போட்டிருந்த பின்வரிசைக்காரர்கள் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள். வெற்றுடம்புக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். சிலர் ஆத்திரத்தில் கண்மண் தெரியாமல் பாய்ந்து செத்தார்கள், சிலர் பின்வாங்கித் தங்கள் அணியையே குலைத்தார்கள். கடைசியில் குன்றிலிருந்து பாய்ந்து இறங்கிய ரோமானியக் குதிரைப்படை கதையை முடித்தது. மாண்டவர்கள் 40,000 பேர், பிடிபட்டவர்கள் 10,000-க்குக் குறையாது என்பது பொலிபியஸ் தரும் கணக்கு. வென்ற தரப்புக்கு வேண்டியவர் சொல்லும் கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

ஆக, இந்தக் களத்தில் பறந்ததெல்லாம் வேல். கோடரி பறக்க இன்னும் 700 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். எறிந்தவர்களும் வேறு ஆட்கள்.

கெல்ட்டியரின் கவுல் நாட்டைச் சீசர் கைப்பற்றி, அது ரோமானிய மாகாணமாகிப் பல தலைமுறை கழிந்தபின், அங்கே குடிபுகுந்த ஜெர்மானிய இனத்தவர் பிராங்குகள். அவர்களுடைய எறிகோடரிக்கு பிரான்சிஸ்கா என்று பெயர். கி.பி. 539-இல் தியூடபெர்ட் அரசன் இத்தாலிக்குள் புகுந்தபோது வந்த பிராங்குப் படையை வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ் வர்ணிக்கிறார். காலாட்களிடம் வில்லும் இல்லை, ஈட்டியும் இல்லை. ஆளுக்கு ஒரு வாள், ஒரு கேடயம், குட்டைப் பிடி போட்ட ஒரு கோடரி. முதல் பாய்ச்சலில் சைகை கிடைத்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் கோடரியை எறிவார்கள். எதிரியின் கேடயம் சிதறும், கையோடு ஆளும் விழுவான். கோடரிக்கு இரு பக்கமும் கூர் என்றும் அவர் எழுதியிருக்கிறார். மண்ணிலிருந்து கிடைத்த பிரான்சிஸ்காக்களுக்கோ ஒரு பக்கம்தான் வாய், அதுவும் மேல்நோக்கி வளைந்தது. 1653-இல் இன்றைய பெல்ஜியத்தின் தூர்னேயில் திறக்கப்பட்ட சில்டெரிக் அரசனின் கல்லறையில், பொன் பூச்சிகளுக்கும் அலங்கார வாளுக்கும் நடுவே இப்படி ஒரு கோடரியும் இருந்தது.

அந்தச் சில்டெரிக்கின் மகன் குளோவிஸ். 486-இல் சுவாசோனில் வென்றபின் கொள்ளையைப் பங்கிடும் இடத்தில், தேவாலயத்துக்குச் சொந்தமான ஒரு கலசத்தைத் தனக்குத் தரும்படி கேட்டான். ஆயரிடம் திருப்பிக் கொடுப்பதாக எண்ணம். ஒரு வீரன் மட்டும், சீட்டில் விழுவதைத் தவிர உனக்கு எதுவும் கிடையாது என்று சொல்லிக் கோடரியால் கலசத்தை வெட்டினான். குளோவிஸ் வாய் திறக்கவில்லை. மறு ஆண்டு ஆயுதப் பரிசோதனையில் அதே வீரன் முன் நின்று, ஆயுதத்தை இப்படியா வைத்திருப்பாய் என்று கடிந்து, அவன் கோடரியைப் பிடுங்கித் தரையில் எறிந்தான். எடுக்கக் குனிந்தவனின் தலையைத் தன் கோடரியால் பிளந்தான். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின் இதை எழுதிவைத்தவர் தூர் நகர ஆயர் கிரகரி.

இன்று நகரங்களில் காசு கொடுத்துக் கோடரி எறியும் கூடங்கள் இருக்கின்றன. சுமார் 12 அடி தூரத்தில் மரப்பலகை, அதில் வட்டங்கள். சில கூடங்கள் இதைப் பண்டைய கெல்ட்டியர் கலை என்று விளம்பரம் செய்கின்றன. அதை நம்ப வேண்டியதில்லை. சங்கம் வைத்து, புள்ளிக் கணக்குப் போட்டு ஆடும் இன்றைய ஆட்டம் 2006-இல் கனடாவின் டொரோண்டோ நகரில் ஒரு வீட்டுக் கொல்லையில் தொடங்கியது.