வீட்டுக் காவலுக்கான ஷாட்கன் (அமெரிக்கா)

வீட்டுக் காவலுக்கான ஷாட்கன் என்பது, அத்துமீறி நுழைபவரிடமிருந்து குடும்பத்தாரைக் காத்துக்கொள்வதற்கென அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பலர் வீட்டில் வாங்கி வைக்கும், தோளில் அண்டக் கொடுத்துச் சுடும் நீள்துப்பாக்கி ஆகும். ரைஃபிள் குழலின் உட்புறத்தில் காணப்படும் சுருள் பள்ளங்கள் இதில் இல்லாததால் குழல் வழுவழுப்பாக இருக்கும். தோட்டா ஒன்று வெடித்தால், தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் பால்ரஸ் என்று எழுதும் ஈயக்குண்டுகள் பல அதிலிருந்து ஒருசேரப் புறப்படும். பியூ ஆய்வு மையம் 2023இல் நடத்திய கணக்கெடுப்பில், துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர்களில் 72 விழுக்காட்டினர் தற்காப்பை ஒரு முக்கியக் காரணமாகக் குறிப்பிட்டனர். ஆனால் ஷாட்கன் பறவை வேட்டைக்கும், வானில் எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டுக்கும் உருவான கருவி. நான்கு சுவர்களுக்குள் அதன் வேலை வேறாகிவிடுவதால் அதைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்களும் வேறாகின்றன.

குழலின் உள்விட்டம் கேஜ் என்னும் பழைய ஆங்கிலேய அளவையால் சொல்லப்படுகிறது. இந்தியாவில் 12 போர் என்று வழங்கும் உரிமத் துப்பாக்கியும் இதே அளவைச் சேர்ந்ததே. ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்றின் விட்டம் எவ்வளவோ அதுவே 12 கேஜ், அதாவது ஏறத்தாழ 18.5 மி.மீ.; 20 உருண்டைகளாக வார்த்தால் 15.6 மி.மீ. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும் இந்தத் தலைகீழ்க் கணக்கில் .410 மட்டும் சேராது, அது அங்குலத்தில் சொல்லப்பட்ட விட்டம். தோட்டா வகைகள் மிகுதியாகக் கிடைப்பதால் 12 கேஜையே பெரும்பாலோர் வாங்குகின்றனர். பின்னுதைப்பு, அதாவது சுடும்போது துப்பாக்கி தோளை இடிக்கும் விசை, தாங்க முடியாதவர்களுக்கு 20 கேஜ் பரிந்துரைக்கப்படுகிறது. இந்தப் பரிந்துரையை அப்படியே ஏற்பதற்கில்லை: 20 கேஜ் துப்பாக்கிகள் எடை குறைத்துச் செய்யப்படுவதால், கனமான 12 கேஜில் உதைப்பு குறைக்கப்பட்ட தோட்டாவை இட்டுச் சுடுவதைவிட அவை அதிகமாக இடிப்பதும் உண்டு.

இயங்குமுறையைப் பொறுத்தவரை பம்ப் வகையே நெடுங்காலம் கோலோச்சியது. குழலுக்கு அடியில் உள்ள முன்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் குழலுக்குக் கீழே நீளவாக்கில் பொருத்தப்பட்ட மேகசின் குழாயிலிருந்து அடுத்த தோட்டா, குழலின் பின்முனையில் உள்ள வெடிக்கும் அறைக்குள் ஏறும். ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897 இவ்வகையில் முதலில் பெரும்புகழ் பெற்றது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் அமெரிக்கப் படையினர் அதைப் பயன்படுத்தியபோது, அது போர்விதிகளை வகுத்த ஹேக் ஒப்பந்தத்துக்கு முரணானது என்று 1918 செப்டம்பரில் ஜெர்மனி எழுப்பிய ஆட்சேபத்தை அமெரிக்கா தள்ளிவிட்டது. 1950இல் வந்த ரெமிங்டன் 870, 1961இல் வந்த மாஸ்பெர்க் 500 ஆகிய இரண்டும் காவல்துறை வண்டிகளிலிருந்து பண்ணை வீடுகள் வரை பரவி, இன்றளவும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படும் மாதிரிகளாக நிற்கின்றன. இவற்றுக்கிடையே வாங்குபவர் கவனிக்க வேண்டிய வேறுபாடு சிறியதே: மாஸ்பெர்க்கில் பாதுகாப்புப் பொத்தான் துப்பாக்கியின் முதுகில் கட்டைவிரலுக்கு நேராக இருப்பதால் இடக்கைக்காரர்க்கும் ஒன்றுபோல எட்டும், ரெமிங்டனில் அது, சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசைக்குப் பின்னால் குறுக்காக அழுத்தும் பொத்தானாக இருக்கிறது.

பம்ப் வகையின் பலவீனம் கருவியில் இல்லை, அதை இயக்கும் கையில் இருக்கிறது. பதற்றத்தில் முன்பிடியை முழுத்தொலைவு பின்னிழுக்காமல் பாதியில் முன்தள்ளுபவரின் துப்பாக்கியில் கூடு சிக்கும் அல்லது அறை வெறுமையாகவே மூடிக்கொள்ளும். அமைதியான சுடுதளத்தில் ஒருபோதும் தவறாதவர்களுக்கும் இது நேர்கிறது. அரைத் தானியங்கி வகை இந்தச் சுமையைக் கருவியிடமே விடுகிறது. பிரௌனிங்கின் ஆட்டோ-5 இதற்கு முன்னோடி, பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1902 முதல் அதைத் தயாரித்தது. வெடிவாயுவின் ஒரு பகுதியைக் கொண்டு இயங்குபவை உதைப்பை ஓரளவு மழுங்கடிக்கும். இத்தாலியின் பெனெல்லி புகழ்பெறச் செய்த, உதைப்பின் நிலைமத்தாலேயே இயங்குபவை எளிதில் கரிபிடிக்காவிட்டாலும், தோளில் இறுக அண்டாதபோதும் வலுக்குறைந்த தோட்டாக்களிலும் தடுமாறக்கூடும். அமெரிக்க மரீன் படை 1999இல் தேர்ந்துகொண்ட பெனெல்லி எம்4 வாயுவில் இயங்குவது. இரட்டைக்குழல் துப்பாக்கி பழுதின்றி உழைக்கும், உள்ளே தோட்டா இருக்கிறதா என்பது மடக்கிப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஆயினும் இரண்டே தோட்டா.

கடைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் உண்மையில் மிக அதிகம் கவனிக்கத் தக்கதும் கட்டையின் நீளம். விசையிலிருந்து தோளில் பதியும் கட்டை முனை வரையுள்ள தொலைவு வழக்கமாக 14 அங்குலத்தை ஒட்டி அமைகிறது. இது வேட்டைக்காரர் பக்கவாட்டில் நின்று சுடுவதற்கு ஏற்றதாகையால், நேர்முகமாக நின்று சுடும் சற்றே குட்டையான ஒருவருக்கு முழங்கை நீண்டு, துப்பாக்கியின் எடை முழுதும் முன்கையில் தொங்கும்படி ஆகிவிடும். முழங்கையை மடக்கி அதன் உள்வளைவில் கட்டை முனையை வைத்துப் பார்த்தால் ஆள்காட்டி விரல் விசையை எளிதாக எட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். எட்டாவிட்டால் 12 அல்லது 13 அங்குலக் கட்டையை மாற்றிப் பொருத்துவது, விளக்கும் உறையும் பட்டையும் வாங்கி மாட்டுவதைவிடப் பயனுள்ள செலவு. திரைப்படங்களில் அடிக்கடி காணப்படும், கட்டையே இல்லாமல் கைப்பிடி மட்டும் கொண்ட வகையில் உதைப்பு முழுதும் மணிக்கட்டில் இறங்குவதால் குறி தவறுவது மிகுதி.

எந்தத் துப்பாக்கி என்பதைவிட எந்தத் தோட்டா என்பதே வீட்டுக்குள் பெரிய கேள்வி. பறவை வேட்டைத் தோட்டாவில் 2.4 மி.மீ. அளவுள்ள 7½ எண் குண்டுகள் ஓர் அவுன்சுக்கு ஏறத்தாழ 350 இருக்கும். பக்‌ஷாட் எனப்படும் மான் வேட்டைத் தோட்டாவில் 8.4 மி.மீ. அளவுள்ள 00 குண்டுகள் எட்டோ ஒன்பதோதான் இருக்கும். ஸ்லக் என்பது ஒற்றை ஈயக்கட்டி. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் தன் முகவர்கள் இருவரை இழந்த எஃப்.பி.ஐ., குண்டு ஒன்று, உடல்தசைக்கு ஈடாகச் சோதனையில் பயன்படும் ஜெலட்டினில் குறைந்தது 12 அங்குலம், அதாவது 30 செ.மீ., ஊடுருவ வேண்டும் என்று வகுத்த அளவுகோல் பின்னர் வீட்டுக் காவல் தோட்டாக்களுக்கும் பொதுவாகிவிட்டது. பறவைக் குண்டுகள் பெரும்பாலும் அதில் பாதி ஆழத்தைக்கூட எட்டுவதில்லை. 00 குண்டுகள் தாராளமாக எட்டுகின்றன. சிக்கல் என்னவெனில், அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் செங்கல்லால் ஆனவை அல்ல: மரச்சட்டங்களின் இருபுறமும் அரை அங்குல ஜிப்சம் பலகை அறைந்து, நடுவில் வெற்றிடம் விட்டு எழுப்பப்பட்டவை. போதுமான ஆழம் ஊடுருவும் எந்தக் குண்டும் இத்தகைய சுவர்கள் பலவற்றைக் கடந்து செல்லும். சுவரில் நின்றுவிடும் குண்டு தன் வேலைக்குப் போதாது. 6.1 மி.மீ. அளவுள்ள 4 எண் பக்‌ஷாட்டை இடைவழியாகச் சிலர் முன்வைப்பதும் இந்த இழுபறியைத் தணிக்குமேயன்றித் தீர்க்காது. ஆகவே பிள்ளைகள் எந்த அறையில் உறங்குகிறார்கள், அடுத்த வீட்டுச் சுவர் எந்தத் திசையில் இருக்கிறது, படுக்கையறைக் கதவிலிருந்து எந்தக் கோணத்தில் சுட்டால் குண்டு யார்மீதும் படாது என்பதை முன்கூட்டியே நடந்து பார்த்து வைப்பதற்கு எந்தத் தோட்டாவும் மாற்று ஆகாது.

ஷாட்கன்னைச் சுற்றிப் படர்ந்த நம்பிக்கைகளில் இரண்டு பிடிவாதமானவை. குறிபார்க்கத் தேவையில்லை, குண்டுகள் அறையையே நிரப்பிவிடும் என்பது ஒன்று: பக்‌ஷாட் தோராயமாக ஒரு கெஜத் தொலைவுக்கு ஓர் அங்குலம் விரியும் என்ற வழக்குக் கணக்கின்படியே, கூடத்தின் குறுக்கே 6 கெஜத்தில் அது ஆறு அங்குல அகலத்தைத்தான் எட்டும். முன்பிடியை இழுக்கும் ஓசையைக் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்பது மற்றொன்று. ஓடலாம், ஓடாமலும் இருக்கலாம், ஆனால் வீட்டுக்காரர் நிற்குமிடம் இருட்டில் அவனுக்குத் தெரிந்துவிடும். அன்றைய துணை அதிபர் ஜோ பைடன் 2013 பிப்ரவரியில், இரட்டைக்குழல் ஷாட்கன் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஆபத்து வந்தால் வெளியே சென்று இருமுறை வெடிக்குமாறு தம் மனைவியிடம் சொல்லியிருப்பதாகக் கூறியது பெரும் கேலிக்கு உள்ளானது. காரணமின்றி வெளியே வெடிப்பது பல ஊர்களில் குற்றம் என்பது ஒருபுறமிருக்க, இரு குழலும் தீர்ந்தபின் கையில் மிஞ்சுவது காலித் துப்பாக்கி.

குழலின் நீளத்தைச் சட்டம் முடிவு செய்துவிடுகிறது. 1934ஆம் ஆண்டின் தேசியச் சுடுகலன் சட்டம் 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ஷாட்கன்களைப் பதிவுக்கும், அன்று பெருந்தொகையான 200 டாலர் வரிக்கும் உட்படுத்தியது. வேட்டைத் துப்பாக்கிகளின் 26, 28 அங்குலக் குழல்கள் வாயிற்படிகளில் முட்டும் என்பதால், வீட்டுக்கென விற்கப்படுபவை பெரும்பாலும் 18 அல்லது 18½ அங்குலத்தில் வந்து நிற்கின்றன. குழல் அறுக்கப்பட்ட ஷாட்கன் ஒன்றை மாநில எல்லை கடத்தியது பற்றிய 1939ஆம் ஆண்டின் மில்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை நிலைநிறுத்தியது. 2017இல் மாஸ்பெர்க் வெளியிட்ட ஷாக்வேவ் 14 அங்குலக் குழல் கொண்டிருந்தும் இச்சட்டத்தின் பிடியில் சிக்கவில்லை: அதற்குத் தோள்கட்டையே பொருத்தப்பட்டதில்லை என்பதால் சட்டத்தின் கண்ணில் அது ஷாட்கன்னே அல்ல.

வைக்கும் முறையில்தான் கருத்து மோதல் கூர்மையடைகிறது. பெரும்பாலான ஷாட்கன்களில், பாதுகாப்புப் பொத்தான் விசையை மட்டுமே தடுக்கும். கீழே விழுந்த அதிர்ச்சியில் வெடிப்பதைத் தடுக்கும் உள்ளமைப்பு இருப்பதில்லை. ஆகவே மேகசின் குழாயில் தோட்டாக்களை நிரப்பி, அறையை வெறுமையாக விடும் காவல்துறை வழக்கமே வீடுகளுக்கும் கூறப்படுகிறது. பூட்டி வைப்பது மாசசூசெட்ஸில் சட்டக் கட்டாயம். சிறுவர் கைக்கு எட்டும்படி விடுவதைத் தண்டிக்கும் சட்டத்தை ஃபுளோரிடா 1989இல் முதன்முதலாக இயற்றியது. மறுபுறம், நீள்துப்பாக்கிகளைத் தோட்டா நீக்கிக் கழற்றியோ விசைப்பூட்டு இட்டோ வைக்க வேண்டும் என்ற வாஷிங்டன் நகர விதியை, அது வீட்டுக்குள் தற்காப்பையே இயலாததாக்குகிறது என்று கூறி, 2008ஆம் ஆண்டின் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆர்தர் கெல்லர்மனும் அவர் குழுவினரும் 1993இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நிகழும் வாய்ப்பு 2.7 மடங்கு என்று கணித்தது; ஆபத்தான சூழலில் இருப்பவர்களே துப்பாக்கி வாங்கியிருக்கலாமே என்ற மறுப்பும் உடனே எழுந்தது. அமெரிக்கத் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள் என்பதில் மட்டும் இருதரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எனவே வீட்டில் மனச்சோர்வுற்ற ஒருவரோ சிறுவரோ இருப்பின், துப்பாக்கியின் விலையோடு எண்களை அழுத்தி நொடிகளில் திறக்கும் பெட்டகத்தின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும், சில காலத்துக்குத் துப்பாக்கியையே வீட்டுக்கு வெளியே ஒப்படைத்து வைப்பது அதைவிடச் சரியாக இருக்கும்.