கில்லெஸ்பி ரோடு



லண்டனில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். "என்ன சார் பார்த்தீங்க?" என்று பலரும் கேட்டீர்கள். அரண்மனையையும் பாலத்தையும் நீங்களே படத்தில் பார்த்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது பூமிக்கு அடியில் பார்த்த சில சுவர்களைப் பற்றி. பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்ட மாதிரி இங்கேயும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் தனியாக பிரிட்டிஷ் மியூசியம் போனேன். வெளியே வரும்போது மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. அது இல்லாவிட்டால் எதிரே வருகிறவர் முகமே எனக்குத் தெரியாது. ரஸ்ஸல் ஸ்கொயர் நிலையத்தில் பாதாள ரயில் ஏறி, நான்காவது நிறுத்தமான ஆர்சனலில் இறங்க வேண்டும். விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து இறங்கினேன். எதிர்ச் சுவரில் பெரிய பெரிய எழுத்துகள். கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது. 'கில்லெஸ்பி ரோடு' என்று இருந்தது.

வயிற்றில் புளியைக் கரைத்தது. எண்ணுவதில் தப்பிவிட்டேனா? ரயில் போய்விட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டேன். "ஆர்சனல்தான் ஐயா, அது பழைய பெயர்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். முப்பத்துநான்கு வருடம் சரித்திரம் நடத்தியவன், சரித்திரத்தைப் பார்த்துப் பயந்து நின்றேன்!

அதன் பிறகு புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பேத்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அந்தச் சுவர்களைப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது.

அந்த நிலையம் திறந்தது 1906 டிசம்பரில். பக்கத்துத் தெருவின் பெயரையே வைத்தார்கள். 1913-ல் ஆர்சனல் கால்பந்துக் குழு அருகில் மைதானம் அமைத்தது. 1932-ல் நிலையத்தின் பெயரையே ஆர்சனல் என்று மாற்றினார்கள். பெயர்ப்பலகைகள் மாறின, வரைபடம் மாறியது. ஆனால் பழைய பெயரைப் பலகையில் எழுதவில்லை, டைல்ஸிலேயே சுட்டு வைத்திருந்தார்கள். அது அப்படியே நின்றுவிட்டது. 2006-ல் அந்தக் குழுவும் சற்றுத் தள்ளிப் புது மைதானத்துக்குப் போய்விட்டது. பழைய மைதானம் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். ஆக, புதுப் பெயரும் இப்போது பழங்கதை ஆகிக்கொண்டிருக்கிறது. மேரிலிபோன் நிலையத்திலும் இதே கதைதான். 1917-ல் கைவிட்ட 'கிரேட் சென்ட்ரல்' என்ற பெயரை பேக்கர்லூ பாதையின் சுவரில் இன்றும் படிக்கலாம்.

இந்தச் சுவர்களை வடிவமைத்தவர் லெஸ்லி கிரீன் என்ற கட்டடக் கலைஞர். பாதாள ரயில் கம்பெனி 1903-ல் அவரை நியமித்தபோது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. பேக்கர்லூ, பிக்காடில்லி, ஹாம்ப்ஸ்டெட் என்று மூன்று பாதைகள் ஒரே நேரத்தில் வந்துகொண்டிருந்தன. நாற்பதுக்கும் மேற்பட்ட நிலையங்களை அவர் வடிவமைத்துத் தர வேண்டியிருந்தது.

அவர் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். தெருவிலிருந்து பார்த்தால் நிலையங்கள் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். காய்ந்த ரத்தம் போன்ற அடர்சிவப்பில் பளபளக்கும் சுடுமண் முகப்பு, மாடியில் அரைவட்ட வளைவு ஜன்னல்கள், தட்டையான கூரை. எந்தத் தெருவில் நின்றாலும் "அதோ ரயில்" என்று தெரிந்துவிடும். கூரை தட்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. உள்ளே இரும்புச் சட்டம் நிற்கிறது. பின்னால் மேலே மாடிகள் எழுப்பி அலுவலகங்களுக்கு விட்டுக்கொள்ளலாம். அப்படி எழுப்பியும் இருக்கிறார்கள்.

கீழே இறங்கினால் விஷயமே வேறு. ஒவ்வொரு நிலையத்தின் பிளாட்பாரத்துக்கும் தனி நிறம், தனிக் கோலம். சுவரில் கட்டங்களும் பட்டைகளும் நிலையத்துக்கு நிலையம் மாறும். தினமும் போய்வருகிறவர் பெயரைத் தேடிப் படிக்க வேண்டியதில்லை; ஜன்னலில் நிறம் தெரிந்ததும் எழுந்துகொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகவே அப்படிச் செய்தார்கள் என்றும் அங்கே சொல்கிறார்கள். கண்ணாடி உடைந்த கிழவனுக்கும் அது உதவும் என்பதற்கு நானே சாட்சி. நான்தான் அன்று நிறத்தைப் பார்க்காமல் எழுத்தை நம்பினேன்.

இதைக் கேட்டதும் எனக்கு என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. சந்தைக்குப் போகப் பச்சை பஸ், தாய்மாமா ஊருக்குச் சிவப்புக் கோடு போட்ட பஸ், அவ்வளவுதான் அவள் பாடம். ஒரு தடவை பஸ்காரர்கள் பச்சையை அழித்து நீலம் அடித்துவிட்டார்கள். அம்மா காய்க் கூடையோடு காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை, கேட்க வெட்கம். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. "போர்டு படிக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். ஆர்சனல் பிளாட்பாரத்தில் நான் திகைத்து நின்ற அந்த ஒரு நிமிடம், அவளுக்கு வாழ்நாள் முழுக்க இருந்திருக்கிறது. இது புரிய எனக்கு எழுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

கிரீனுக்கு வருவோம். மூன்று பாதைகளுக்கும் பணம் திரட்டிய அமெரிக்கர் சார்லஸ் யெர்கீஸ் 1905 டிசம்பரில், ஒரு பாதைகூடத் திறக்கும் முன்பே இறந்துபோனார். கிரீன் மூன்றும் திறந்ததைப் பார்த்தார். ஆனால் வேலைப் பளுவில் உடம்பு கெட்டு, காசநோய் வந்து, 1908 ஆகஸ்டில் கண்ணை மூடினார். வயது முப்பத்துமூன்று. இன்று அவர் சுவர்களைத் தாண்டிப் போகிற லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

அறுபது வருடம் கழித்து, 1968-ல் தொடங்கி 1971-ல் பிரிக்ஸ்டன் வரை திறந்த விக்டோரியா பாதையில் வேறு விளையாட்டு. பிளாட்பாரத்தில் உட்காருகிற இடத்துக்குப் பின்னால் டைல்ஸில் ஒரு படம் இருக்கும். செவன் சிஸ்டர்ஸில் ஏழு மரங்கள். பிரிக்ஸ்டனில் செங்கல், பிரிக் என்றால் செங்கல், கூட ஒரு 'டன்', ஆக ஒரு டன் செங்கல்! வாரன் என்றால் முயல் வளை, அதனால் வாரன் ஸ்ட்ரீட்டில் சுற்றிச் சுற்றிப் போகும் வழிப்புதிர். நம் விடுகதை மாதிரிதான். பேத்தி முதலில் கண்டுபிடிப்பாள், நான் அடுத்து.

யூஸ்டனில் மட்டும் சிரிப்பு வரவில்லை. அங்கே படத்தில் இருப்பது தூண்கள் தாங்கிய ஒரு பெரிய வாசல். அந்த வாசலை மேலே போய்த் தேடாதீர்கள், கிடைக்காது. 1837-ல் பிலிப் ஹார்ட்விக் கட்டிய கல்வாசல் அது. ரயில் யுகத்துக்கே தலைவாசல் என்று நினைத்துக் கட்டினார்கள். புது நிலையம் கட்டுவதற்காக, கவிஞர்களும் கட்டடக் கலைஞர்களும் எவ்வளவோ கெஞ்சியும் கேட்காமல், 1961 கடைசியில் இடிக்கத் தொடங்கினார்கள். கற்களில் நிறைய, கிழக்கு லண்டனில் ஒரு கால்வாயின் அடியில் பள்ளம் மூடப் போயின. முப்பது வருடங்களுக்குப் பிறகுதான் அவை அங்கே கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

இடித்துச் சில ஆண்டுகளுக்குள், டாம் எக்கர்ஸ்லி என்ற ஓவியர் அந்த வாசலைப் பாதாளச் சுவரில் வரைந்து வைத்துவிட்டார். மேலே இல்லாதது கீழே இருக்கிறது. அதில் சாய்ந்து உட்கார்ந்து எல்லோரும் போன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளே, நான் உங்களுக்குப் போர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைத்தேன். தப்பாகச் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றினேன். ஆனால் ஒரு சுவரின் முன்னால் உங்களை நிறுத்தி, "இதை யார் செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள்?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அது என் குறை. அந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டிருந்தால், என் அம்மாவிடம் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

அதனால் தாமதமாக ஒரு வீட்டுப்பாடம். நீங்கள் தினமும் போகிற ரயில் நிலையமோ பஸ் ஸ்டாண்டோ, பழைய பள்ளிக்கூடமோ, ஏதாவது ஒரு சுவரை நின்று பாருங்கள். அழியாமல் நிற்கிற பழைய பெயர், காரணம் புரியாத ஒரு நிறம், யாரோ நினைத்துச் செய்த ஒரு சின்ன வேலை, ஏதாவது கண்ணில் படும். கீழே எழுதுங்கள். வெள்ளை அடிப்பதற்கு முன்னால் எழுதுங்கள்.

இந்தத் தடவை மதிப்பெண் கிடையாது. தப்பாக இருந்தாலும் பெஞ்சு மேல் ஏற்ற மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்