லால்பாக் கண்காட்சி: பெயரும் வரலாறும்

பெங்களூரு லால்பாக் பூங்காவில் குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை நிகழும் விழாவைத் தமிழில் ‘மலர்க் கண்காட்சி’ என வழங்குகிறோம். கன்னடத்தில் அது ‘பலபுஷ்ப பிரதர்சன’ எனப்படும். இங்குப் ‘பல’ என்பது எண்ணிக்கை குறித்த தமிழ்ச்சொல் அன்று. கனியைக் குறிக்கும் வடசொல். கன்னடப் பெயரில் முதலிடம் பெறும் கனி தமிழ்ப் பெயரில் இடம்பெறவில்லை. இது வெறும் சொல் வேறுபாடன்று என்பதைப் பூங்காவின் வரலாறு காட்டும்.

லால்பாக் 1760இல் ஹைதர் அலியால் தொடங்கப்பெற்றுத் திப்பு சுல்தானால் விரிவாக்கப்பட்டது. அவ்விருவரும் அமைத்த பெங்களூர்த் தோட்டங்களை 1800இல் கண்ட பிரான்சிஸ் புக்கானன், அவை சதுரப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி ரோஜாவுக்கும் மற்றொன்று மாதுளைக்குமாக ஒதுக்கப்பட்டிருந்ததைக் குறித்துள்ளார். மலரும் கனியும் அன்று ஒரே தோட்டத்தின் விளைவுகளாகவே கருதப்பட்டன.

1874 முதல் 1908 வரை பூங்காவின் பொறுப்பிலிருந்த ஜான் கேமரன் காலத்தில் இவ்வியல்பு தொடர்ந்தது. கண்காட்சிகளுக்கெனத் திட்டமிடப்பட்ட கண்ணாடி மாளிகைக்கு 1889 நவம்பர் 30 அன்று ஆல்பர்ட் விக்டர் இளவரசர் அடிக்கல் நாட்டினார். சௌசௌக் காயை இந்நகருக்குக் கொணர்ந்தவர் கேமரனே என்பர். அக்காயைக் கன்னடர் ‘சீமெ பதனெ’ (சீமைக் கத்தரி) என்றனர். தமிழரோ ‘பெங்களூர்க் கத்தரிக்காய்’ என்றனர். ஒரு மொழியினர்க்கு அயலதாய்த் தோன்றியது மற்றொரு மொழியினர்க்குப் பெங்களூரின் விளைபொருளாயிற்று. 1908இல் பொறுப்பேற்ற ஜெர்மானியரான கிரும்பிகல் காலத்தில், 1912இல், மைசூர்த் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. கண்காட்சி மரபு அதன்பின் நிலைபெற்றது.

தமிழ்ப் பெயரில் கனி விடுபட்டமைக்கு ஆங்கில வழக்கின் தாக்கம் ஒரு காரணம் எனலாம். நீலகிரி வழக்கும் அதற்குத் துணை செய்திருக்கக்கூடும். உதகமண்டலத்தில் மலர்க் கண்காட்சியும் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும் தனித்தனியே நிகழ்வதால், தமிழில் இரண்டிற்கும் வெவ்வேறு பெயர்கள் அமைந்துள்ளன. லால்பாக்கிற்கு அப்பிரிவினை பொருந்தாது.

இத்தகைய வேறுபாடு துறைப்பெயரிலும் உண்டு. தமிழில் ‘தோட்டக்கலை’ என்பது கன்னடத்தில் ‘தோட்டகாரிகெ’. தொழில் செய்வோரைக் குறிக்கும் ‘தோட்டகார’ என்பதனோடு ‘இகெ’ விகுதி சேர்ந்து அச்சொல் அமைந்தது. தமிழ்ச்சொல் கலையை முன்னிறுத்த, கன்னடச்சொல் உழைப்பவரைத் தன்னுள் கொண்டுள்ளது. பெங்களூரில் மரபாகத் தோட்டத்தொழில் புரிந்துவந்த திகளர், தமிழகத்திலிருந்து குடியேறியோர் வழிவந்தவர் எனப்படுகின்றனர். எனவே அவ்வுழைப்பின் வரலாறு தமிழர்க்கும் அயலானதன்று.

ஆங்கில வடிவத்தை மட்டும் நோக்கிப் பெயர்த்தால், கனியும் அதனை விளைவித்தவரும் பெயரிலிருந்து மறைவர். ‘மலர் கனிக் கண்காட்சி’ என வழங்குவதே மூலத்துக்கும் வரலாற்றுக்கும் ஒருசேரப் பொருந்துவதாகும்.