பசியாறக் கடைக்குப் போகிறீர்களா? தண்ணி முதல் தட்டு வரை ஒரு கையேடு

காலையில் ஒருவரைப் பார்த்தால் நம் ஊரில் முதலில் கேட்பது, "பசியாறிட்டீங்களா?" என்பதுதான். தமிழகத்தில் 'பசியாறுவது' எந்த வேளைச் சாப்பாட்டுக்கும் பொருந்தும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது காலை உணவை மட்டுமே குறிக்கும். கடையில் உட்கார்ந்தவுடன் "என்ன தண்ணி?" என்று கேட்டால், கேட்பவர் பச்சைத் தண்ணீரைச் சொல்லவில்லை, தேயா, காப்பியா, மைலோவா என்று கேட்கிறார். இந்த இரண்டு சொற்களையும் நம் காலைக் கடைகளில் அன்றாடம் கேட்கலாம்.

அந்தக் கடைகளுக்கு உலக அங்கீகாரமும் கிடைத்துவிட்டது. சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் மனிதகுலத்தின் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. பல இன மக்கள் ஒன்றாகப் பசியாறும் மலேசியாவின் காலை உணவுக் கலாசாரம் 2024 டிசம்பரில் அதே பட்டியலில் இடம்பெற்றது. நாசி லெமாக், ரொட்டி சனாய், தே தாரிக் மூன்றும் அதில் முன்னிறுத்தப்பட்டன.

கடைகள் எத்தனை வகை?

முதலாவது, சீனர் காப்பிக்கடை. 'கோப்பித்தியாம்' என்ற பெயரில் 'கோப்பி' மலாய்ச் சொல். 'தியாம்' என்றால் ஹொக்கியன் மொழியில் கடை. இந்தத் தொழிலில் பெயர் எடுத்தவர்கள் ஹைனான் சீனர்கள். மற்ற சீனக் குழுவினரைவிடப் பிந்தி வந்த இவர்களில் பலர் வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலை பார்த்தார்கள். பிறகு சொந்தமாகக் கடை திறந்தார்கள். ரொட்டி வாட்டி காயா தடவிக் கொடுப்பதில் அந்தச் சமையலறைப் பழக்கம் இன்றும் தெரியும். இங்கே பொதுவாகத் தண்ணி மட்டும் கடை முதலாளியுடையது. உணவுக் கடைகள் வாடகைக்கு நடத்தப்படுபவை. ஆகவே தண்ணிக்குத் தனியாகவும் சாப்பாட்டுக்குத் தனியாகவும் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, மாமாக் கடை. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடை இது. தமிழின் 'மாமா' என்ற உறவுச் சொல்லிலிருந்தே 'மாமாக்' வந்ததாகச் சொல்வார்கள். ரொட்டி சனாயும் தே தாரிக்கும் இவர்களின் கைவண்ணம்.

மூன்றாவது, நம்மவர் நடத்தும் உணவகமும் ஒட்டுக்கடையும். ஒட்டுக்கடை என்பது கட்டடத்தை ஒட்டியோ சாலையோரத்திலோ போட்ட சிறு கடை. நான்கு மேசை, ஒரு தோசைக்கல், ஒரு தண்ணி மேடை இருந்தால் போதும், வியாபாரம் நடக்கும். தோசை, இட்லி, வடை, இடியாப்பம், புட்டு எல்லாம் விடியற்காலையிலேயே தயாராகிவிடும்.

தோட்டத்திலிருந்து வந்த பழக்கம்

ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது வெயில் ஏறுவதற்கு முன்புதான். அதனால் தோட்டத்து மக்களின் நாள் இருட்டிலேயே தொடங்கியது. பெரட்டுக்குப் போகும் முன் வெறும் கோப்பி ஓ; மரம் வெட்டி முடித்து, பால் எடுக்கும் முன் கிடைத்த இடைவேளையில்தான் சாப்பாடு. அந்த உழைப்புக்கு இனிப்பான கோப்பி தெம்பு தந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் போனபின், பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்த மக்கள் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். உழைப்பின் அளவு மாறிவிட்டது. சீனியின் அளவு பெரும்பாலும் மாறவில்லை. அதைப் பற்றிக் கீழே பார்ப்போம்.

தண்ணி சொல்வது எப்படி?

நம் கடைக் காப்பிக்கொட்டை சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக்க வறுக்கப்படுவது. அந்தக் கருநிறமும் மணமும் அதனால் வருபவை. தூளை நீண்ட துணிப்பையில் போட்டுக் கொதிநீர் ஊற்றி இறக்குவார்கள். தேயை உயரத் தூக்கி ஆற்றுவது வேடிக்கைக்காக மட்டுமல்ல. அப்படிச் செய்வதால் சூடு குறைகிறது, பால் நன்றாகக் கலக்கிறது, நுரை எழும்புகிறது.

இந்தச் சொற்கள் தெரிந்தால் போதும்:

- கோப்பி, தே: கெட்டிப் பால் கலந்தது.
- கோப்பி ஓ, தே ஓ: பால் இல்லாமல் சீனி போட்டது. 'ஓ' என்றால் ஹொக்கியனில் கறுப்பு.
- கோப்பி சி, தே சி: இனிப்பில்லாத ஆவிப் பாலும் சீனியும் கலந்தது.
- கோசோங்: மலாயில் 'வெறுமை'. தண்ணியில் சீனி வேண்டாம் என்று பொருள். ஆனால் 'ரொட்டி கோசோங்' என்றால் முட்டை, வெங்காயம் எதுவும் சேர்க்காத ரொட்டி.
- குராங் மானிஸ்: இனிப்புக் குறைவாக. சிங்கப்பூரில் 'சியூ தாய்' என்பார்கள்.
- காவ், போ: திடமாக, லேசாக.
- ஆயிஸ், பெங்: ஐஸ் போட்டது. முன்னது மலேசியாவில், பின்னது சிங்கப்பூரில் அதிகம் கேட்கும்.
- சாம்: காப்பியும் தேயும் கலந்தது.

கடைக்காரரை எப்படிக் கூப்பிடுவது என்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. நம் கடையில் அண்ணே, அக்கா. மாமாக் கடையில் பாய் அல்லது அண்ணே. சீனர் கடையில் தவுக்கே அல்லது அங்கிள். கைதட்டியோ விரல் சொடுக்கியோ அழைப்பதை யாரும் விரும்புவதில்லை.

சீனி எங்கே ஒளிந்திருக்கிறது?

மலேசியாவின் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இந்த ஆய்வுகளில் இந்தியர்களின் விகிதம் மற்ற பெரிய இனத்தவரைவிடத் தொடர்ந்து அதிகமாகவே இருக்கிறது. 'இனிப்பு நீர்' இல்லாத குடும்பத்தை நம்மிடையே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கெட்டிப் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. இப்போது பல கடைகளில் ஊற்றுவது பால்கூட இல்லை. செம்பனை எண்ணெய் சேர்த்துச் செய்த இனிப்புக் கிரீமர். இனிப்பில் அது சளைத்ததல்ல. ஒரு மேசைக்கரண்டி சுமார் 20 கிராம். ஒரு கிளாஸில் இரண்டு கரண்டி விழுந்தால் அதிலேயே சுமார் 20 கிராம் சர்க்கரை சேர்ந்துவிடுகிறது. தேக்கரண்டிக் கணக்கில் நான்கு, ஐந்து. உணவில் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு சுமார் 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காலை ஒரு தே, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்றால் வேறு எதுவும் சாப்பிடாமலே மேல் வரம்பைத் தாண்டிவிடுகிறோம்.

"நான் சீனி வேண்டாம் என்றுதானே சொல்கிறேன்" என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பால் தேயில் இனிப்பு சீனியிலிருந்து வருவதைவிடப் பாலிலிருந்துதான் வருகிறது. சீனியை மட்டும் நிறுத்தினால் கெட்டிப் பால் அப்படியே இருக்கும். 'தே கோசோங்' என்றால் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். பால் வேண்டும் என்றால் "தே சி, சீனி வேண்டாம்" என்று சொல்லுங்கள். பால் வேண்டாம் என்றால் "தே ஓ கோசோங்". ஒரேயடியாக விட முடியாதவர்கள் முதலில் 'குராங் மானிஸ்' என்று தொடங்கலாம். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

சிங்கப்பூரில் 2023 டிசம்பர் 30 முதல், கடையில் அப்போதைக்கப்போது கலக்கும் பானங்களுக்கும் 'நியூட்ரி-கிரேட்' தரக்குறியீடு நடைமுறைக்கு வந்தது. சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு. மலேசியாவின் சர்க்கரை வரி ஆலையில் தயாரித்துப் பொட்டலமிட்டு விற்கும் பானங்களுக்குத்தான். மேசைக்கு வரும் தே தாரிக்கைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

மேலும் மூன்று குறிப்புகள். வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை செய்யும் நாளில் தே ஓ கூடக் குடிக்கக்கூடாது; பச்சைத் தண்ணீர் மட்டும்தான். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிகள் அதைத் தேயுடனோ காப்பியுடனோ விழுங்க வேண்டாம். சத்து உடலில் சேர்வது குறையும். நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி போடுபவர்கள், ஊசியை வீட்டில் போட்டுவிட்டுக் கடையில் சாப்பாட்டுக்கு நெடுநேரம் காத்திருப்பது ஆபத்து. சர்க்கரை திடீரென இறங்கலாம்.

சைவக்காரர்கள் கவனத்துக்கு

வெள்ளிக்கிழமையிலும் புரட்டாசியிலும் சைவம் பிடிப்பவர்கள் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. நாசி லெமாக் சம்பலில் நெத்திலியோ பிளாச்சானோ இருக்கும். பிளாச்சான் இறாலில் செய்வது. காயாவில் தேங்காய்ப் பாலோடு முட்டையும் உண்டு. சில கடைகளில் ரொட்டி மாவில் முட்டை சேர்ப்பார்கள். மாமாக் கடையில் "பருப்பு" என்று கேட்டாலும், சில நேரம் மேலே கொஞ்சம் மீன் கறியும் ஊற்றிவிடுவார்கள். "பருப்பு மட்டும், வேறு கறி வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சைவக் கடையில் இட்லியும் சாம்பாரும் கவலையில்லாத பசியாறை. அதோடு, எண்ணெய் ஊறிய ரொட்டியைவிட வயிற்றுக்கும் லேசானது.

கடையில் கவனிக்க வேண்டியவை

மலேசியாவில் உணவைக் கையாள்பவர்கள் டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். உணவு கையாளும் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். ஊராட்சி மன்றம் தரும் ஏ, பி, சி தூய்மைத் தரத்தைச் சுவரில் பார்க்கலாம். விலைப்பட்டியல் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் சொல்லும் முன்பே விலை கேட்பதில் வெட்கமில்லை. 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களில் புகைபிடிக்கத் தடை; ஐந்தடியில் இருக்கும் திறந்தவெளி மேசையும் இதில் அடங்கும்.

ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்களுக்கு ஒரு சொல். அங்கே சாப்பிட்ட தட்டை நீங்களேதான் எடுத்து வைக்க வேண்டும். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பரிலிருந்தும் காப்பிக்கடைகளில் 2022 ஜனவரியிலிருந்தும் இதை மீறினால் நடவடிக்கை எடுக்கிறார்கள். மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால், அந்த இடத்தை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று பொருள்.

மேசையில் கிடைப்பது சாப்பாடு மட்டுமல்ல

ஒரு காலத்தில் எழுத்துத் தெரிந்த ஒருவர் கடை மேசையில் பத்திரிகையை உரக்கப் படிக்க, சுற்றி இருந்தவர்கள் கேட்டு நாட்டு நடப்பை அறிந்தார்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசனும் 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அப்படித்தான் படிக்காதவர்களையும் எட்டின. தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. மேசை இன்னும் இருக்கிறது. எந்த வீட்டில் துக்கம், எந்தத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், தமிழ்ப் பள்ளியில் பதிவு எப்போது என்பதெல்லாம் பல இடங்களில் இன்றும் அங்கேதான் முதலில் தெரியவருகிறது.

பிள்ளைகள் வேலைக்குப் போனபின் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு, அந்த ஒரு மணி நேரம்தான் பேச்சுத் துணை. அதனால் அப்பாவுக்கு இனிப்பு நீர் வந்துவிட்டது என்று கடைக்குப் போவதையே நிறுத்திவிடாதீர்கள். ஒரு நாள் கூடப் போய் உட்காருங்கள். "அண்ணே, இனி அப்பாவுக்குத் தே ஓ கோசோங்" என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மறுநாளிலிருந்து கேட்காமலே அது மேசைக்கு வந்துவிடும்.