பத்து மாதக் கணக்கு

“முழுகாமல் இருக்கிறாள்” என்று நம் பாட்டிமார் சொல்லும் இரண்டு சொற்களில் ஒரு கணிதமே அடங்கியிருக்கிறது. கரு உண்டான நாளை யாரும் திட்டமாக அறியார். கடைசியாகத் தலைமுழுகிய நாளை அறிவர். ஆகவே அதைக் கொண்டே மாதங்களை எண்ணி வந்தனர்.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் நேகலே வகுத்த முறையும் இதற்கு அண்மையதே. கடைசி மாதவிலக்கின் முதல் நாளுக்கு 3 மாதம் பின்சென்று, 7 நாள் கூட்டினால், அடுத்த ஆண்டில் அந்தத் தேதியே பேறுகாலம். இடைப்பட்ட ஏறத்தாழ 280 நாட்கள், 28 நாள் கொண்ட பத்து மாதங்களே அன்றோ! கரு தோன்றுவதோ இரண்டு வாரம் பிந்தியே.

நாள் மறந்துவிட்டால்? பேகம்பேட்டில் குடியேறிய நம் வீடுகளில், அதை நினைவில் வைத்திருக்கக்கூடிய தாயாரும் மாமியாரும் பெரும்பாலும் ஊரில் இருப்பர். கணக்குப் பிசகினால் குறைமாதக் குழந்தையை நிறைமாதமென்று கொள்ள நேரும்.

1973இல் கிளாஸ்கோவில் ராபின்சன், ஒலியலைக் கருவியால் இளங்கருவின் நீளத்தை அளந்து வயது காணும் வழியை வெளியிட்டார். பின்மாதங்களில் அளவு அத்துணைத் துல்லியமாக அமையாது. மேல்நாட்டுச் சூத்திரம் நம்மவர்க்குப் பொருந்துமா என்ற ஐயமும் இருந்தது. 2024இல் சென்னை ஐ.ஐ.டி.யினரும் பரீதாபாத் ஆய்வு நிறுவனத்தாரும், குருகிராம் அரசு மருத்துவமனைத் தாய்மாரின் அளவுகளைக் கொண்டு, பின்மாதங்களுக்கென இந்தியச் சூத்திரமொன்றை அமைத்தனர்.

ஆயினும் மருத்துவர் தெலுங்கில் கேட்டாலும் உருதுவில் கேட்டாலும், முதற்கேள்வி இன்றும் அந்த நாளைப் பற்றியதே.