புவியியல் தகவல் அமைப்பு: நகரத் திட்டமும் நரிக்குடிக் கண்மாய்களும்

நிலத்தின் பரப்பு, மேடுபள்ளம், நீரோட்டம், கட்டடம், சாலை, உரிமை ஆகிய விவரங்களைத் தனித்தனிப் படலங்களாகக் கணினியில் பதிந்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆராய உதவும் முறையே புவியியல் தகவல் அமைப்பு எனப்படும். நீரும் நிலமும் குன்றாவண்ணம் நகரங்களை விஸ்தரிக்க விரும்புவோர்க்கு இஃது இன்று இன்றியமையாத சாதனமாயினும், இதன் பூர்வ சரித்திரம் கணினிக்கு வெகுகாலம் முற்பட்டதாகும்.

1802 ஏப்ரல் 10ஆம் நாள் பரங்கிமலைக்கு அருகே ஆங்கிலேய அதிகாரி வில்லியம் லாம்ப்டன் தொடங்கிய முக்கோண அளவையே இத்தேசத்து நிலப்படங்களின் அஸ்திவாரம். அதன்பின் வந்த சர்வேயர்கள் 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட சங்கிலியைப் பிடித்து, வயலுக்கு வயல் கல் நட்டு, புலப்படங்களை வரைந்தனர். ஆனால் மதுரைக்குத் தெற்கேயுள்ள நரிக்குடி, திருச்சுழி முதலிய வானம் பார்த்த பூமியில் பெரும்பகுதி இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களுக்கு உட்பட்டிருந்தமையால், 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின்னரே அங்கு உழவரிடம் அரசு நேரே வரி பெறும் ரயத்துவாரி முறையும் அதற்குரிய நில அளவையும் முறையாகப் பரவின. கண்மாய், ஊருணி, வரத்துக்கால், கலுங்கு ஆகியவை புறம்போக்கு என்ற தலைப்பில் சர்வே எண் பெற்றது அவ்வேளையில்தான்.

கணினியில் நிலப்படம் ஏறியது 1960களில். கனடாவின் நிலவளத்தைக் கணக்கிடும் பொருட்டு புவியியலாளர் ரோஜர் டாம்லின்சன் அதற்குரிய கணினி முறையை அமைத்தார். 1969இல் நிலவடிவமைப்பாளர் இயன் மக்ஹார்க், மண், நீர், காடு ஆகியவற்றின் படங்களைக் கண்ணாடித்தாளில் தீட்டி அடுக்கிப் பார்த்த பின்னரே வீடு கட்டும் இடத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்ற வாதத்தை நூலாக வெளியிட்டார். நடைமுறைப் பயன்பாட்டுக்கான இந்தியாவின் முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988 மார்ச் 17இல் ஏவப்பட்டது.

அக்கோளின் கூர்மையான கருவிக்கும் படத்தின் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறத்தாழ 36 மீட்டர். ஆதலின் கண்மாயின் நீர்ப்பரப்பு புலப்பட்டதேயன்றி, அதற்கு உயிர்நாடியான சில மீட்டர் அகலமே உள்ள, நீர் கொணரும் வரத்துக்கால் புலப்படவில்லை. 2005இல் சென்ற இந்தியச் செயற்கைக்கோளான கார்ட்டோசாட்-1 அப்புள்ளியை 2.5 மீட்டராகச் சுருக்கிற்று. எனினும் நிலத்தின் உயரத்தைப் பற்றிய சிக்கல் தீர்ந்தபாடில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க விண்ணோடம் ரேடார்கொண்டு எடுத்த உயரப்படத்திற்கு அனுமதிக்கப்பட்ட பிழையே 16 மீட்டர். நரிக்குடிப் பக்கத்துக் கண்மாய்க் கரையோ சில மீட்டர் உயரமே உடையது. மேட்டைப் பள்ளமென்று கணினி சாதிக்கும்போது, எந்த மடையிலிருந்து எத்திக்கில் நீர் பாயும் என்பதைக் கண்மாய் நீரைப் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சியிடம் கேட்டறிந்து திருத்துவதே விவேகம். பழைய புலப்படத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் பொருத்திப் பார்த்தாலோ, வரத்துக்கால் எங்கே உழப்பட்டது, எங்கே சீமைக்கருவேலம் மண்டியது என்பன வெட்டவெளிச்சமாகும்.

இந்நாட்டுப்புறத்துக்கும் நகரத் திட்டத்துக்கும் யாது சம்பந்தம் என்று வாசகர் வினவக்கூடும். நாகமலை அடிவாரத்தில் உற்பத்தியாகி, மதுரை நகரின் ஊடாகச் சென்று, நரிக்குடி வட்டாரத்துக் கண்மாய்களை அடைந்து குண்டாற்றில் கலப்பது கிருதுமால் நதி. மதுரை எல்லைக்குள் அது சாக்கடையாகச் சுருங்கியதால், வைகையிலிருந்து தண்ணீர் திறக்கவேண்டுமென்று கடைமடை விவசாயிகள் சர்க்காரை வேண்டிநிற்கும் நிலை வந்தது. நகரமோ தன் கண்மாய்களையும் காக்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உலகநேரிக் கண்மாயில் எழுந்தது.

சட்டங்கள் இல்லாமலில்லை. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் முழுமைத் திட்டங்களுக்கு வழிவகுத்தது. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஏரியின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற ஆணையிட்டது. 2015இல் வந்த மத்திய அரசின் அம்ருத் திட்டம் நகரங்களின் முழுமைத் திட்டங்களைப் புவியியல் தகவல் அமைப்பின்மேல் வரைய நிதி அளித்தது. இவை யாவும் நன்றே. ஆனால் திட்டப்பகுதியின் கோடு நிர்வாக எல்லையைத் தழுவுகிறதேயன்றி நதியின் வடிநிலத்தைத் தழுவுவதில்லை. மதுரையின் திட்டப் படத்தில் கிருதுமால் நரிக்குடி வரையில் இடம்பெறாத மட்டும், அப்படத்தை நீர்வளம் காக்கும் திட்டம் என்று ஏற்பதற்கில்லை.